தொழிலிடத்தில் கைக் காயங்களும் நட்டஈட்டு உரிமையும்

மாணவர்களே,

இவ்வலகைக் கற்பித்து முடித்த பின்னர் வகுப்பில் ஒரு சிறு வினாவைக் கொடுப்பது எமது வழக்கம். "பொறியொன்றில் கை அகப்பட்டு விரலை இழந்த தொழிலாளிக்கு நட்டஈடு கிடைக்குமா?" என்பதே அவ்வினா. பெரும்பாலானோர், "அவர் கவனயீனமாக வேலை செய்திருந்தால் கிடைக்காது" என எழுதுகின்றனர். இவ்விடை பிழையானது. அது ஏன் பிழை என்பதை நன்கு விளங்கிக்கொண்டால் இவ்வலகின் பெரும்பகுதியை நீங்கள் விளங்கிக்கொண்டதாகவே கொள்ளலாம்.

இப்பிழையினால் இழக்கப்படுவது புள்ளிகள் மட்டுமல்ல. விபத்துக்குள்ளான தொழிலாளர் பலரும் இவ்வாறே எண்ணி, "பிழை என்னுடையதுதானே" என்று பேசாமல் இருந்துவிடுகின்றனர். உங்கள் வீட்டிலும் தேயிலைத் தொழிற்சாலையிலோ, ஆடைத் தொழிற்சாலையிலோ, அச்சகத்திலோ, அரைக்கும் ஆலையிலோ வேலை செய்யும் ஒருவர் இருக்கக்கூடும்.

கையின் அமைப்பு

ஒரு கையில் 27 என்புகள் உள்ளன. மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14 என இவை அமைந்துள்ளன. பெருவிரலில் இரண்டு என்புகளும் ஏனைய விரல்கள் ஒவ்வொன்றிலும் மூன்று என்புகளும் இருப்பதை உங்கள் கையைத் தடவிப் பார்த்தே அறியலாம். விரல்களை வலுவாக மடக்கும் தசைகள் விரல்களில் இல்லை. அவை முன்னங்கையில் இருந்துகொண்டு, நீண்ட நாண்கள் மூலம் கயிற்றால் இழுப்பதுபோல விரல்களை இழுக்கின்றன. ஆகவே மணிக்கட்டின் அருகே ஏற்படும் ஒரு வெட்டு, விரல்களில் ஒரு கீறலும் இல்லாமலே அவற்றை அசைய முடியாமற் செய்துவிடலாம்.

பெருவிரல் ஏனைய நான்கு விரல்களுக்கும் எதிராக வந்து பொருந்தக்கூடியது. பேனை பிடிப்பது, பொத்தான் பூட்டுவது, கொழுந்து கிள்ளுவது, கவ்வாத்துக் கத்தியைப் பிடிப்பது ஆகிய எல்லாவற்றுக்கும் இது தேவை. பெருவிரலை மடக்கி வைத்துக்கொண்டு உங்கள் சட்டைப் பொத்தானைப் பூட்ட முயன்று பாருங்கள். விரல்கள் எல்லாவற்றுக்கும் சட்டம் ஒரே அளவு மதிப்புக் கொடுக்காமைக்கான காரணம் அப்போது புலப்படும்.

பொறி கையைப் பிடிக்கும் விதம்

கைக்கு ஆபத்தான பொறிகள் பல. பாரமான அழுத்தப் பொறி கையை நசுக்குகின்றது. அச்சகத்தில் கடதாசி வெட்டும் பொறி துண்டிக்கின்றது. பற்சில்லுகளும் ஓடும் பட்டிகளும் சட்டைக் கையைப் பிடித்துக் கையையும் சேர்த்து இழுக்கின்றன. இவற்றுள் எமது நாட்டுக்கு மிகவும் பழக்கமானவை சுழலும் உருளைகளே. சப்பிரகமுவ, களுத்துறைப் பகுதிகளில் இறப்பர்ப் பாலைத் தகடாக உருட்டும் பொறியைக் கண்டிருப்பீர்கள். சீ.ரீ.சீ முறைத் தேயிலைத் தொழிற்சாலைகளிலும் பல்வெட்டிய இரண்டு உருளைகள் ஒன்றையொன்று நோக்கி, வெவ்வேறு வேகத்தில் சுழன்று கொழுந்தை நசுக்கிக் கிழிக்கின்றன. ஒன்று மற்றையதைவிடச் சுமார் பத்து மடங்கு வேகமாகச் சுழலும்.

இவ்வாறு சுழலும் இரு உருளைகளுக்கு நடுவே உள்ள இடம் எதையும் உள்ளே இழுக்கும். கொழுந்து எது, விரல் எது என்று அதற்குத் தெரியாது. "அகப்பட்டால் உடனே கையை இழுத்துக்கொள்ளலாமே" என்று நினைப்பவர்களுக்காக ஒரு சிறிய கணக்கைச் செய்து பார்ப்போம். உங்களுக்குத் தெரிந்த கணிதமே போதும்.

விட்டம் 21 செ.மீ ஆன உருளை ஒன்று நிமிடத்துக்கு 600 தடவை சுழல்கின்றது எனக் கொள்க. π இன் பெறுமானம் 22/7.

சுற்றளவு = 22/7 × 21 = 66 செ.மீ
ஒரு செக்கனில் சுழற்சிகள் = 600 ÷ 60 = 10
உருளை மேற்பரப்பின் வேகம் = 66 × 10 = செக்கனுக்கு 660 செ.மீ

ஒருவர் ஆபத்தை உணர்ந்து கையை அசைக்கத் தொடங்குவதற்குச் சுமார் 0.2 செக்கன் எடுக்கும். அந்நேரத்தில் உருளையின் மேற்பரப்பு 660 × 0.2 = 132 செ.மீ தூரம் நகர்ந்துவிடும். விரல் நுனியிலிருந்து தோள் வரை உங்கள் கையை அளந்து பாருங்கள். வளர்ந்த ஒருவருக்கும் அது ஒரு மீற்றரை எட்டாது.

கவனமாக இருப்பவரின் கையையும் பொறி இழுத்துவிடும் என்பதை இக்கணக்கு காட்டுகின்றது. இரவு வேலையில் எட்டாவது மணித்தியாலத்தில் ஒருவருக்கு ஒரு கணம் கண் அயர்வது இயல்பு. ஆகவே பாதுகாப்பை மனிதனின் கவனத்தில் மட்டும் தங்கியிருக்கச் செய்யக்கூடாது. அது பொறியிலேயே இருக்கவேண்டும்.

அதனாலேயே 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், பொறிகளின் ஆபத்தான பகுதிகள் உறுதியான பாதுகாப்பு மறைப்புடன் இருக்கவேண்டும் எனக் கூறுகின்றது. மறைப்பை இடுவது தொழிற்சாலையை நடத்துபவரின் கடமை. அழுத்தப் பொறிகளிலும் கடதாசி வெட்டும் பொறிகளிலும் இரண்டு பொத்தான்களை இரு கைகளாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால் மட்டுமே பொறி இயங்குமாறு செய்வதும் சிறந்த முறையாகும். இரு கைகளும் பொத்தான்களில் இருக்கும்போது வெட்டும் அலகின் கீழ் வைப்பதற்கு மூன்றாவது கை ஒருவருக்கும் இல்லையல்லவா?

பொறியைத் துப்புரவு செய்யும்போதும் சிக்கியதை எடுக்கும்போதும் முதலில் மின்னைத் துண்டித்து, பிரதான ஆளியைப் பூட்டி, திறப்பை வேலை செய்பவர் தம்மிடமே வைத்திருக்கவேண்டும். "கையுறை அணிந்தால் போதும்" என எழுதும் மாணவர்களுக்கும் ஒரு சொல். வெட்டும் பொருட்களைக் கையாளுவதற்குக் கையுறை நல்லது. சுழலும் பொறியின் அருகே அதே கையுறை முதலில் சிக்கிக் கையையும் இழுத்துச் செல்லும். மோதிரம், நீண்ட சட்டைக் கை, தொங்கும் சால்வை என்பனவும் அவ்வாறே.

விபத்து நிகழ்ந்தவுடன்

முதலில் பொறியை நிறுத்தவேண்டும். சிக்கிய கையைப் பலவந்தமாக இழுக்கக்கூடாது. குருதி பெருகும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை இதயத்தின் மட்டத்துக்கு மேலே உயர்த்தி வைக்கவேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும்.

விரல் துண்டிக்கப்பட்டிருந்தால் அதைத் தேடி எடுக்கவேண்டும். ஈரமாக்கிய சுத்தமான துணியில் சுற்றி, நீர் புகாத பொலித்தீன் பையில் இட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கட்டிகள் கலந்த நீரில் வைத்து நோயாளியுடன் அனுப்பவேண்டும். விரலை நேரடியாக ஐஸ் கட்டியின் மீது வைத்தால் இழையங்கள் உறைந்து பழுதடையும். பின்னர் சத்திரசிகிச்சை நிபுணரால் அதைப் பொருத்த முடியாது போகும். மஞ்சள், தேயிலைத் தூள், சீனி போன்ற எதையும் காயத்தில் இடக்கூடாது.

வைத்தியசாலையில், இது வேலை செய்யும்போது பொறியினால் ஏற்பட்ட காயம் என்று தெளிவாகச் சொல்லவேண்டும். "வீட்டில் விழுந்தேன் என்று சொல்" என எவரேனும் கூறினால் அதற்கு இணங்கக் கூடாது. அனுமதிச் சீட்டில் எழுதப்படும் அந்த ஒரு வரி பின்னர் பெரிய சான்றாக அமையும்.

உயிரிழப்பு ஏற்பட்டாலோ, தொழிலாளி மூன்று நாட்களுக்கு மேல் தமது வேலையைச் செய்து முழுச் சம்பளம் பெற இயலாதுபோனாலோ, அவ்விபத்தைத் தொழிற்சாலை நடத்துபவர் மாவட்டத் தொழிற்சாலைப் பரிசோதகப் பொறியியலாளருக்கு எழுத்தில் அறிவிக்கவேண்டும். இதுவும் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின் விதியே.

பிழை யாருடையது என்று கேட்காத சட்டம்

இனி மையப் பகுதிக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் காயமடைந்த தொழிலாளி நட்டஈடு பெறவேண்டுமானால், தொழில்தருநரின் பிழையை நீதிமன்றத்தில் அவரே நிரூபிக்கவேண்டியிருந்தது. தொழில்தருநரோ மூன்று வாதங்களை வைத்திருந்தார். "இவரும் கவனயீனமாக இருந்தார்" என்பது ஒன்று. "ஆபத்தை அறிந்தே வேலைக்கு வந்தார்" என்பது இன்னொன்று. "பிழை செய்தவர் இவருடைய சக தொழிலாளி, நான் அல்லேன்" என்பது மூன்றாவது. கடைசி வாதத்துக்கு 1837இல் தீர்க்கப்பட்ட பிரீஸ்ட்லி எதிர் பௌலர் என்ற வழக்கு அடித்தளமாயிற்று. இம்மூன்றில் ஒன்றாவது பெரும்பாலும் பலித்துவிடும். கையை இழந்தவர் வெறுங்கையுடன் வீடு திரும்புவார்.

ஜேர்மனி 1884இல் விபத்துக் காப்புறுதிச் சட்டத்தையும் பிரித்தானியா 1897இல் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தையும் இயற்றியபோது இந்நிலை மாறியது. பொறியினால் இலாபம் பெறுபவரே பொறி ஏற்படுத்தும் சேதத்தின் செலவையும் ஏற்கவேண்டும் என்பது இவற்றின் அடிப்படை. எண்ணெய், விறகு, உதிரிப்பாகம் என்பவற்றைப் போல இதுவும் உற்பத்திச் செலவின் ஒரு பகுதியாகக் கொள்ளப்பட்டது.

இக்கோட்பாடு 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் மூலம் இலங்கைக்கு வந்தது. அது டொனமூர் அரசியல் திட்டத்தின் கீழ் இயங்கிய அரசாங்க சபையின் காலம். அப்போது தொழில், கைத்தொழில், வாணிப அமைச்சராக இருந்தவர் ஹற்றன் தொகுதியின் உறுப்பினர் பெரி. சுந்தரம் ஆவார். மலையகத் தமிழர் ஒருவர் நாட்டின் முதலாவது தொழில் அமைச்சராக இருந்தார் என்பது வரலாற்றுப் பாடத்துக்கும் பயன்படும் தகவல்.

இச்சட்டம் கேட்பவை இரண்டே. காயம் வேலையின் போது ஏற்பட்டதா? அது வேலையின் காரணமாக எழுந்த விபத்தினால் ஏற்பட்டதா? இரண்டுக்கும் "ஆம்" எனில் தொழில்தருநர் நட்டஈடு செலுத்தக் கடமைப்பட்டவர். தொழிலாளி ஒரு கணம் கவனம் சிதறியிருந்தாலும் இக்கடமை நீங்காது. தொழில்தருநரிடம் ஒரு பிழையும் இல்லாவிட்டாலும் நீங்காது.

விதிவிலக்குகள் உண்டு. மது அல்லது போதைப்பொருளின் பாதிப்பில் இருந்தமை, பாதுகாப்புக்காகத் தெளிவாக இடப்பட்ட கட்டளையை வேண்டுமென்றே மீறியமை, பாதுகாப்புக்காகப் பொருத்தப்பட்டது என அறிந்தும் மறைப்பை வேண்டுமென்றே அகற்றியமை என்பனவற்றால் நேரடியாக விளைந்த காயத்துக்குத் தொழில்தருநர் பொறுப்பாகாது விடலாம். இங்கே "வேண்டுமென்றே" என்ற சொல்லைக் கோடிட்டுக் கொள்ளுங்கள். கவனயீனம் வேறு, வேண்டுமென்றே செய்தல் வேறு. எமது வினாவின் விடை முழுவதும் இவ்வேறுபாட்டிலேயே தங்கியுள்ளது.

நட்டஈட்டின் அளவு சம்பளத்தையும் உழைக்கும் ஆற்றலில் ஏற்பட்ட இழப்பையும் பொறுத்தது. தற்காலிகமாக வேலை செய்ய இயலாதவருக்கு அரைமாதத்துக்கு ஒரு முறை கொடுப்பனவு உண்டு. நிரந்தர இழப்புக்கு ஒரு மொத்தத் தொகை கிடைக்கும். கை, பெருவிரல், சுட்டுவிரல் முதலிய உறுப்புகளின் இழப்பு நூற்றுக்கு எத்தனை வீதம் எனச் சட்டத்தின் அட்டவணை கூறுகின்றது. அட்டவணையில் இல்லாத காயத்தை வைத்தியர் மதிப்பிடுவார். ஓரிரு நாட்களில் ஆறிவிடும் கீறல்களுக்கு இச்சட்டம் பொருந்தாது.

பழைய கையேடுகளில் உச்சத் தொகை 550,000 ரூபா என இருக்கும். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் அது 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. வேலைக்குச் செல்லும் வழியிலும் வேலை முடிந்து திரும்பும் வழியிலும் நிகழும் விபத்துகளும் அத்திருத்தத்தினால் சேர்க்கப்பட்டன. விடை எழுதும்போது புதிய நிலையையே எழுதுங்கள்.

நிகழ்வாய்வு

பின்வருவது பயிற்சிக்காக அமைக்கப்பட்ட நிகழ்வு.

தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தக்காரர் மூலம் அமைய அடிப்படையில் வேலைக்கு வந்தவர் ஒருவர். பழுதுபார்ப்பதற்காகக் கழற்றப்பட்ட பொறியின் மறைப்பு இரண்டு வாரங்களாக மீளப் பொருத்தப்படவில்லை. இரவு வேலையில் கொழுந்து சிக்கிக்கொண்டது. பொறியை நிறுத்தினால் வேலை தாமதமாகும் என்பதால் கையால் தள்ளினார். வலக்கையின் சுட்டுவிரலும் நடுவிரலும் போயின. வைத்தியசாலையிலிருந்து வந்த மூன்றாம் நாள் தொழிற்சாலை உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து, "பிழை உன்னுடையது. நீ எங்கள் ஆளும் இல்லை, ஒப்பந்தக்காரரின் ஆள். இருந்தாலும் பாவம் பார்த்து 50,000 ரூபா தருகிறோம். இனி எதுவும் கேட்கமாட்டேன் என்று இதில் கையொப்பம் போடு" என்றார். கையொப்பம் இடும் கையே கட்டுப்போட்ட நிலையில் இருந்தது. "ஐயா, மகள் பள்ளிக்கூடத்தால் வரட்டும். வாசித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றார் அவர். மகள் 11ஆம் தரத்தில் கற்பவர்.

அந்த மகளின் இடத்தில் நீங்கள் இருந்தால் எதைக் கவனிப்பீர்கள்?

உத்தியோகத்தர் கூறிய மூன்றையும் தனித்தனியே எடுத்துக்கொள்ளுங்கள். "பிழை உன்னுடையது" என்பது நட்டஈட்டைத் தடுக்காது. அவர் மறைப்பை அகற்றவில்லை, அது இல்லாத பொறியிலேயே வேலைக்கு விடப்பட்டார். "எங்கள் ஆள் இல்லை" என்பதும் பயன்படாது. தமது தொழிலின் ஒரு பகுதியை ஒப்பந்தக்காரர் மூலம் செய்விக்கும் பிரதான தொழில்தருநரும் நட்டஈட்டுக்குப் பொறுப்பாவார். தொழிற்சாலையின் வழமையான வேலைக்காகவே அமர்த்தப்பட்டவரை, அமையத் தொழிலாளி என்ற காரணத்தால் மட்டும் விலக்கவும் முடியாது. மூன்றாவது கையொப்பம். நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதும் உடன்படிக்கை சட்டத்தின் முன் செல்லாது. ஆயினும் அதில் கையொப்பமிடாமல் இருப்பதே நல்லது. செல்லாது என்று பின்னர் வாதாடுவதற்கு நாளும் பணமும் செலவாகும்.

மகள் செய்யவேண்டிய அடுத்த வேலை ஒரு கடிதம் எழுதுவது. விபத்தைப் பற்றித் தொழில்தருநருக்கு இயன்றளவு விரைவில் அறிவிக்கவேண்டும் என்பது சட்டத்தின் தேவை. மாதிரி வருமாறு:

"முகாமையாளர் அவர்கட்கு,
வேலையின் போது ஏற்பட்ட காயம் பற்றி அறிவித்தல்
............ ஆம் திகதி இரவு ...... மணிக்கு, தங்கள் தொழிற்சாலையின் ............ பொறியில் வேலை செய்துகொண்டிருந்தபோது எனது வலக்கை பொறியினுள் அகப்பட்டு, சுட்டுவிரலையும் நடுவிரலையும் இழந்தேன். அவ்வேளையில் பொறியின் மறைப்பு பொருத்தப்பட்டிருக்கவில்லை. ............ வைத்தியசாலையில் ............ திகதி வரை சிகிச்சை பெற்றேன். சட்டப்படி எனக்குரிய நட்டஈட்டைச் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.
இங்ஙனம்,
............"

இக்கடிதத்தில் கோபமும் கெஞ்சலும் இல்லை என்பதைக் கவனியுங்கள். திகதி, நேரம், பொறி, காயம், கோரிக்கை என்பன மட்டுமே உள்ளன. ஒரு பிரதியை வைத்துக்கொண்டு பதிவுத் தபாலில் அனுப்பவேண்டும். பதில் கிடைக்காவிட்டாலோ தொகை போதாவிட்டாலோ, தாமதியாமல் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளருக்கு விண்ணப்பிக்கலாம். வைத்திய அறிக்கை, சம்பளச் சீட்டு, உடன் வேலை செய்தவர்களின் பெயர் விபரம் என்பன உதவும். சம்பளச் சீட்டு இல்லாத அமையத் தொழிலாளிக்குச் சக தொழிலாளரின் சாட்சியமே பெரிய பலம். தொழிற்சங்கமும் அருகிலுள்ள தொழில் அலுவலகமும் வழிகாட்டும். சிவில் நீதிமன்றத்தில் நட்டம் கோரி வழக்கிடும் வழியும் உண்டு; ஆனால் ஒரே காயத்துக்கு இரு வழியிலும் பெற முடியாது.

நிரந்தரமாக வேலை செய்ய இயலாது என வைத்தியர் சான்று வழங்கினால், ஊழியர் சேமலாப நிதியில் உள்ள பணத்தைக் குறித்த வயதுக்கு முன்னரே மீளப்பெறலாம். அது அவருடைய சொந்தச் சேமிப்பு. அதைக் கொடுத்துவிட்டு "நட்டஈடு கொடுத்தாயிற்று" என்று எவரும் சொல்ல முடியாது.

இறுதியாக உங்கள் வயதினருக்குரிய ஒரு குறிப்பு. 2021இல் இலங்கையில் வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயது 14இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. 18 வயதுக்குட்பட்டவர்களை ஆபத்தானவை எனக் குறிக்கப்பட்ட வேலைகளில் ஈடுபடுத்த முடியாது. பரீட்சை முடிந்து பெறுபேறு வரும் வரை வேலைக்குச் செல்ல எண்ணுபவர்கள் இதை நினைவில் வைத்திருங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. விட்டம் 14 செ.மீ ஆன உருளை நிமிடத்துக்கு 300 தடவை சுழல்கின்றது. 0.2 செக்கனில் அதன் மேற்பரப்பு நகரும் தூரத்தைக் காண்க. இவ்விடையைக் கொண்டு, பொறிக்கு மறைப்பு ஏன் தேவை என விளக்குக.

2. "கவனயீனம்", "வேண்டுமென்றே மீறுதல்" ஆகிய இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை உதாரணம் தந்து விளக்குக.

3. அச்சகத் தொழிலாளி ஒருவர் மதிய உணவு இடைவேளையில் நண்பர்களுடன் பந்து விளையாடும்போது விரல் முறிந்தது. அதே அச்சகத்தில் இன்னொருவர், மேற்பார்வையாளர் அழைத்ததால் திரும்பிப் பார்த்த வேளையில் வெட்டும் பொறியில் விரலை இழந்தார். சட்டம் கேட்கும் இரண்டு கேள்விகளையும் ஒவ்வொருவருக்கும் பொருத்திப் பார்த்து உமது முடிவைத் தருக.

4. நிகழ்வாய்வில் வரும் மகள் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளருக்கு அனுப்பவேண்டிய கடிதத்தை 150 சொற்களுக்கு மேற்படாமல் எழுதுக.